கோடு தொடங்கின வருஷம்

சிங்கப்பூர்ல சோளம் விளையுதுன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவ நான். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, அப்புறம் ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. எந்தெந்த நாடு எவ்வளவு சோளம் ஏத்துமதி பண்ணுதுன்னு பட்டியல் போடச் சொன்னாங்க. கையில கிடைச்ச காகிதத்துல சிங்கப்பூர் பேரும் இருந்துச்சு, நானும் கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டேன். வேற நாட்டுல இருந்து வந்து, அங்க கப்பல் மாறிப் போற சரக்கு அது. அடுக்குமாடிக்கு நடுவுல எவன் சோளம் போடுவான்னு யோசிக்கிற அளவுக்குக்கூட எனக்குப் புத்தி வேலை செய்யல. ஒரு மாசத்துக்கு ஆபீஸ்ல என்னைப் பார்க்கிறவங்க எல்லாம் சிங்கப்பூர்ல அறுவடை முடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தத் தப்புல யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. என் மானம் போச்சு, அவ்வளவுதான்.

ஆனா இன்னைக்கு நான் சொல்ல உக்காந்தது வேற தப்பு. அது சிரிக்கிற தப்பு இல்ல.

தானியக் கம்பெனிங்கள்ல எண் பார்க்கிற வேலைக்கு இப்ப நம்ம தமிழ்ப் பிள்ளைங்க நாலஞ்சு பேரு வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். என் காலத்துல இந்தப் பினாங்குல நான் ஒருத்திதான் தமிழ்ப் பொம்பளை, அதனால மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். எக்செல்லு, கிராப்பு இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போறதில்ல. அதை நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும். ஒரு கோடு எங்க போகுதுன்னு எல்லாரும் பார்ப்பாங்க. அது எங்க தொடங்குதுன்னு நான் பார்க்காம விட்டேன், அதனால என்ன ஆகப் பார்த்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எங்க ஆபீஸ் பினாங்குத் தீவுல, பீச் ஸ்ட்ரீட்ல. எங்க கம்பெனியோட கோழித் தீவன மில்லு கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டின்ல. சோளம் கப்பல்ல வரும், பிறை துறைமுகத்துல இறங்கும், லாரியில மில்லுக்குப் போகும். கப்பல் வரலைன்னா மில்லு இல்ல, அவ்வளவு நேரான கணக்கு. ஆபீஸ்ல நாங்க உலகத்தையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தோம். பக்கத்துச் சோளம்னா ஆசியாவுல நம்ம பக்கத்துல இருக்கிற நாடுங்க, கப்பல் சீக்கிரம் வந்திரும். தூரத்துச் சோளம்னா தென் அமெரிக்கா, வந்து சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். வருஷா வருஷம் இந்த ரெண்டு பக்கத்தோட ஏத்துமதியும் எப்படிப் போகுதுன்னு ஒப்பிட்டு எழுதுறது என் வேலை. இந்தக் கதைக்கு இந்த ரெண்டு பேரே போதும், எந்த நாடுன்னு நான் சொல்லப் போறதில்ல. மழை பெய்யாததுக்கு அந்த நாட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க, பாவம்.

அந்த வருஷம் பக்கத்து நாட்டுல இருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தாரு. வாட்டசாட்டமான ஆளு, இருந்த மூணு நாளும் எங்க ஊரு நாசி கண்டார் சோறு சாப்பிட்டே எங்க எல்லாரையும் வளைச்சுப் போட்டுட்டாரு. மூணு வருஷத்துக்கு உங்களுக்கு வேண்டிய சோளம் முழுக்க நான் தர்றேன், விலையும் குறைச்சுத் தர்றேன், ஆனா வேற யார்கிட்டயும் ஒரு மூட்டைகூட வாங்கக் கூடாதுன்னாரு. தூரத்துக்காரங்களோட எங்க ஒப்பந்தமும் அந்த மாசத்தோட முடியுற நேரம். அதைப் புதுப்பிக்கலைன்னா எங்க இடத்துக்கு வேற ஆளு காத்துக்கிட்டு நிக்கிறான்.

எங்க முதலாளியை நாங்க தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம், இங்க சீன முதலாளிங்கள எல்லாரும் கூப்பிடுற மாதிரி. அவரு அப்பா நடத்தின கம்பெனி, அப்பா செத்ததும் இவரு கைக்கு வந்துச்சு. தவுக்கே என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு பின்னாடி போக முடியுமோ அவ்வளவு பின்னாடி போயி ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கொடுன்னு கேட்டாரு. எனக்கு அது கைவந்த வேலை. கம்ப்யூட்டர்ல இருக்கிற முதல் வருஷத்துல இருந்து ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைங்களை ஒரே கோட்டுல நிக்க வைப்பாங்கல்ல, அந்த மாதிரி முதல் வருஷத்துல ரெண்டு பக்கத்துக்கும் நூறுன்னு போட்டு, அங்கிருந்து யாரு ஏறினாங்க, யாரு இறங்கினாங்கன்னு வரைஞ்சேன். எங்க ஆபீஸ்ல எல்லா கிராப்பும் அந்த வருஷத்துலதான் தொடங்கும். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் போட்டாங்க, நானும் அப்படியே போட்டேன். ஏன் அந்த வருஷம்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல.

கோடு என்னமா வந்துச்சு தெரியுமா? பக்கத்துச் சோளம் சும்மா சர்ருன்னு மேல ஏறுது. தூரத்துச் சோளம் ஏறுறதும் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா தொங்குது. தவுக்கே அதை மீட்டிங்ல சுவத்துல போட்டுக் காமிச்சு, எல்லாரு முன்னாடியும் எனக்குக் கை கொடுத்தாரு. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு கர்னி பக்கத்து ஹோட்டல்ல கையெழுத்துன்னு முடிவாச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போறப்ப எல்லாருக்கும் பிரியாணி வாங்கிட்டுப் போனேன். எனக்குத் தலைகால் புரியல.

சனிக்கிழமை காலையில மாக் மண்டினுக்குப் போனேன். கையெழுத்துப் போடுற இடத்துல காமிக்க மில்லோட போட்டோ வேணும்னாங்க. அங்க சூப்பர்வைசரா இருந்தவரு செல்வம் அண்ணன். சின்ன வயசுல மூட்டை தூக்க வந்து, அங்கேயே படிப்படியா மேல வந்தவரு. அதிகம் பேச மாட்டாரு. நான் போட்டோ எடுத்து முடிச்சுட்டு, சும்மா இருக்க முடியாம, பையில இருந்த கிராப்பை எடுத்து அவருகிட்ட காமிச்சேன். பாராட்டு வாங்கத்தான், வேற எதுக்கு?

எல்லாரும் ஏறுற முனையைப் பார்த்தாங்க. அவரு கோடு தொடங்குற இடத்துல விரலை வச்சாரு.

"இது எந்த வருஷம், தங்கச்சி?"

சொன்னேன்.

"அந்த வருஷம் கீழ இல்லாம வேற எங்க இருக்கும்? அந்த வருஷம்தானே மில்லு நின்னுச்சு."

எனக்கு ஒன்னும் விளங்கல. நான் வேலைக்குச் சேர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி நடந்தது அது. அவரே உக்காந்து சொன்னாரு. அப்ப மில்லு முழுக்கப் பக்கத்துச் சோளத்தையே நம்பி ஓடிக்கிட்டு இருந்துச்சாம். அந்தப் பக்கம் மழை இல்ல, விளைச்சல் படுத்திருச்சு, அந்த நாட்டுக்காரங்க தங்களுக்கே பத்தலைன்னு கப்பலை நிறுத்திட்டாங்க. முதல்ல மரவள்ளிக் கிழங்குத் தூளைக் கலந்து ஒப்பேத்தினாங்க. அதுவும் தீர்ந்துச்சு. மில்லை மூடி, கப்பல் வந்தா சொல்லி அனுப்புறோம்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு கப்பலும் வரல. செல்வம் அண்ணனுக்கு அப்பதான் மூத்த பொண்ணு பொறந்திருந்துச்சு. பொண்டாட்டி பிள்ளைய பைராம் தோட்டத்துல மச்சான் வீட்டுல விட்டுட்டு, புக்கிட் மெர்தாஜாம் மார்க்கெட்ல மூட்டை தூக்கினாராம். பிள்ளைக்குப் பால் மாவு வாங்க மோட்டார் சைக்கிளை வித்தாராம். கோவமா ஒரு வார்த்தை சொல்லல. இப்ப இருக்கிற பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேணாம்னு மட்டும் சொன்னாரு.

கையில இருந்த கிராப்பை மறுபடி பார்த்தேன். பாருங்க, படுத்துக் கிடந்த வருஷத்தை நூறுன்னு வச்சா, எழுந்து உக்காந்தாலே ரெண்டு மடங்குன்னு காட்டும். பக்கத்துச் சோளம் ஏறவே இல்ல, காய்ச்சல்ல இருந்து தேறி வந்துச்சு, அவ்வளவுதான். அதே வருஷம் தூரத்துல விளைச்சல் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. அந்த உச்சியை நூறுன்னு வச்சா, அப்புறம் எவ்வளவு ஒழுங்கா அனுப்பினாலும் இறங்குறதாத்தான் தெரியும். இதை நம்பி நாங்க தூரத்துக்காரனை விட்டுட்டு, மூணு வருஷத்துக்கு ஒரே ஆளுகிட்ட மில்லோட கழுத்தைக் கொடுக்கப் போறோம். மறுபடி மழை பொய்ச்சா மில்லுல வேலை பார்க்கிற முப்பது பேரும் மறுபடி வீட்டுக்குப் போகணும். அந்தக் காகிதத்தைப் போட்டது நான்.

அங்கிருந்து நேரா பினாங்குத் தீவுக்குப் போயி ஆபீஸைத் திறக்கச் சொன்னேன். மாடியில பெரிய தவுக்கேயோட, அதான் முதலாளியோட அப்பாவோட, பழைய பைலுங்க இருந்துச்சு, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தின காலத்தோடது. பாதியைக் கரையான் தின்னிருச்சு. மீதியில, ஒவ்வொரு வருஷமும் எந்த நாடு எவ்வளவு அனுப்புச்சுன்னு அவரு கத்தரிச்சு ஒட்டி வச்சிருந்த துண்டுங்க கிடைச்சுது. மேசையில காகிதம் இல்ல. சுவத்துல தொங்கின பெரிய சீனக் காலண்டர்ல போன மாசத்துத் தாளைக் கிழிச்சு, அதோட முதுகுல ரூலர் வச்சுக் கோடு போட்டேன். பழைய வருஷங்களையும் சேர்த்துப் போட்டதும் பக்கத்துச் சோளத்தோட லட்சணம் தெரிஞ்சுது. ஏறுது, சில வருஷத்துல பொத்துன்னு விழுது, மறுபடி ஏறுது, மறுபடி விழுது. தூரத்துச் சோளம் மெதுவா, அலட்டிக்காம மேல போயிக்கிட்டே இருக்கு. நான் வரைஞ்சதுக்கு நேர் எதிர்.

இந்த இடத்துல உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். வாயை மூடிக்கிட்டு இருந்துடலாமான்னு எனக்குத் தோணுச்சு. நான் சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. என்னைக்காவது கப்பல் நின்னா மழையைக் குறை சொல்லுவாங்க, என்னை யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லாரு முன்னாடியும் கை கொடுத்தாரே, அந்தக் கையை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? வெக்கம் ஒரு பக்கம், வேலை போயிருமோன்னு பயம் ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை காலையில தவுக்கேக்குப் போன் பண்ணினேன். அவரு ஞாயித்துக்கிழமைன்னா மலை ஏறப் போயிருவாரு, எடுக்கல. எடுக்கலைன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மறுபடி கூப்பிடல. ஒரு தடவை கூப்பிட்டாச்சு, என் கடமை முடிஞ்சுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

திங்கக்கிழமை அக்கரையில இருக்கிற என் வீட்டுல இருந்து பெர்ரிப் படகுல வர்றப்பக்கூட, சொல்லுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. ஆபீஸுக்கு வந்தா தவுக்கே அங்க இல்ல, நேரா ஹோட்டலுக்குப் போயிட்டாராம். டாக்ஸி பிடிச்சேன். ஒன்பதரை மணி. உள்ள போனா, அவரும் விற்பனைக்காரரும் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒப்பந்தம் மேசை மேல, பேனா அதுக்கு மேல. தவுக்கே என்னைப் பார்த்ததும் வா வா உக்காருன்னு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. தனியாப் பேசணும்னேன். இவரு நம்ம ஆளுதான், இங்கேயே சொல்லுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு.

அந்த நேரத்துல எனக்குக் கை கொடுத்தது தவுக்கே வீட்டுல பேசுற சீன பாஷை, ஹொக்கியன். பினாங்குல மார்க்கெட்டுக்குப் போயிப் போயி நாம எல்லாரும் கொஞ்சம் ஹொக்கியன் பேசுவோம். மீன் விலை பேசுற ஹொக்கியன். விற்பனைக்காரருக்கு அது புரியாது. ஆனா அந்த ஹொக்கியன்ல ஏத்துமதி, ஒப்பீடு, அடிப்படை வருஷம், இதுக்கெல்லாம் எனக்கு வார்த்தை கிடையாது. மென்னு முழுங்கி, சுத்தி வளைச்சு, என் மேல தப்பு இல்லாத மாதிரி சொல்றதுக்கு வழியே இல்ல. முகத்துல சிரிப்பை வச்சுக்கிட்டு, தெரிஞ்ச நாலு வார்த்தையில சொன்னேன்.

"தவுக்கே, நான் கொடுத்த பேப்பர் தப்பு. அந்தக் கோடு உங்க அப்பா மில்லை மூடின வருஷத்துல தொடங்குது."

அவரும் சிரிச்ச முகம் மாறாம காப்பியைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு. கலக்குறது மட்டும் நிக்கவே இல்ல. விற்பனைக்காரரு என் கையில சுருட்டி வச்சிருந்த காலண்டர் தாளைப் பார்த்து அது என்னன்னு கேட்டாரு. வீட்டு விஷயம், ஒரு நிமிஷம் மன்னிக்கணும்னு தவுக்கே சொல்லிட்டு, அதை வாங்கி மேசைக்குக் கீழ மடியில விரிச்சுப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம், அதே ஹொக்கியன்ல, மெதுவா சொன்னாரு.

"அந்த வருஷம் நான் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். கப்பல் நின்ன கோவத்துலதான் அப்பா கம்ப்யூட்டரே வாங்கினாரு."

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. எல்லாம் நல்லா ஓடுற வருஷத்துல எவனும் புதுசா கணக்கு வைக்க ஆரம்பிக்கிறதில்ல. அடி விழுந்தப்புறம்தான் நோட்டு வாங்குவோம், கம்ப்யூட்டர் வாங்குவோம், இனிமே ஒழுங்கா எழுதணும்னு உக்காருவோம். அதனால எந்த ஆபீஸ்லயும் பட்டியலோட முதல் வருஷம் நல்ல வருஷமா இருக்காது. எதுக்கோ பயந்துதான் அது தொடங்கியிருக்கும். பிள்ளைங்களா, ஒரு பட்டியல் கைக்கு வந்தா, முதல் வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு முதல்ல விசாரிங்க. கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா தெரியாது, அந்த வருஷம் சம்பளம் வாங்காதவங்ககிட்ட கேட்டா தெரியும்.

தவுக்கே பேனாவை எடுத்து மூடிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. பாதிதான் உங்ககிட்ட வாங்குவேன், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை பேசித்தான்னு சொன்னாரு. விற்பனைக்காரருக்கு முகம் கறுத்துப் போச்சு. போனைத் தூக்கிக்கிட்டு வெளிய போனவரு ஒரு மணி நேரம் ஆகியும் வரல. கடைசியில வந்து, சரி, பாதி, ஆனா விலைக் குறைப்பு கிடையாதுன்னு சொல்லிட்டாரு. தவுக்கே ஒரு முறைகூட என் பக்கம் திரும்பாம சரின்னாரு. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போயி, குழாயைத் திறந்து விட்டுட்டு, அழுது தீர்த்தேன். அழுகை முடியுறதுக்குள்ள சிரிப்பு வந்திருச்சு. மார்ல கிடந்த பாறாங்கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு நிம்மதியை நான் அதுக்கப்புறம் ரெண்டு தடவை அனுபவிச்சிருக்கேன், ரெண்டும் பிரசவம்.

திரும்பி வர்றப்ப தவுக்கே தன் கார்லயே என்னைக் கூட்டிட்டு வந்தாரு. ஆபீஸ் வாசல்ல நிறுத்தினதும், இது எப்ப உனக்குத் தெரியும்னு கேட்டாரு. சனிக்கிழமைன்னேன்.

"தப்பா போட்டதுக்கு நான் ஒன்னும் சொல்லல. ஆனா அந்த ரெண்டு நாளு என்னோடது. அதை நீ வச்சுக்கிட்ட."

அவ்வளவுதான் சொன்னாரு, இறங்கிப் போயிட்டாரு. ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவரு நிதானமா யோசிச்சிருப்பாரு, ஆளை ஹோட்டலுக்கே வரவழைச்சிருக்க மாட்டாரு, விலையும் கொஞ்சம் பேசிப் பார்த்திருப்பாரு. போன் எடுக்கலைன்னா மலையடிவாரத்துல போயி நின்னிருக்கணும் நான். கோட்டைத் தப்பா போட்டது என் அறியாமை, அதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். அந்த ஞாயித்துக்கிழமையை மட்டும் இன்னைக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல. எண் தப்பாப் போகும், யாரு வேலை செஞ்சாலும் போகும். தப்புன்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து அது உங்க சொத்து இல்ல, முடிவு எடுக்க வேண்டியவங்களோட சொத்து. கொண்டு போயிக் கொடுத்துருங்க.

அந்த வாரமே தூரத்துக்காரங்களோட மிச்சப் பாதிக்கு ஒப்பந்தம் புதுப்பிச்சோம். செல்வம் அண்ணனுக்குப் போன் பண்ணி, பாதிப் பாதின்னு ஆயிருச்சுண்ணேன்னு சொன்னேன். சரி தங்கச்சின்னு வச்சுட்டாரு. அவரு அப்படித்தான்.

ரெண்டு வருஷம் ஒன்னும் நடக்கல. ஆபீஸ்ல சில பேரு, விலைக் குறைப்பு போச்சே, இவ பேச்சைக் கேட்டுன்னு முணுமுணுத்தாங்க. எனக்கே சில நாள் சந்தேகம் வந்துச்சு. மூணாவது வருஷம் பக்கத்து நாட்டுல மழை பொய்ச்சுது. ஏத்துமதியை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. வரவேண்டிய கப்பல் ஒன்னுகூட வரல. தூரத்துக் கப்பல் ரெண்டு அதுக்கு முந்தின வாரமே கிளம்பி நடுக்கடல்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. வேற தீவன மில்லுங்க ஷிப்டைக் குறைக்க ஆரம்பிச்சதாப் பேச்சு அடிபட்டுச்சு. நான் ஒவ்வொரு நாளும் பிறைக்குப் போன் பண்ணி, கப்பல் எங்கன்னு கேட்டுக் கேட்டு அங்க உள்ளவங்க உயிரை எடுத்தேன்.

முதல் கப்பல் சரக்கு இறங்கின மறுநாள், மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, செல்வம் அண்ணன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அவரு அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜும் அனுப்பினதில்ல. என்னமோ ஏதோன்னு பயந்து, சோத்துக் கையோட காதுல வச்சேன். ஒரு நிமிஷம் பூரா மில்லு மெஷின் ஓடுற சத்தம் மட்டும்தான்.